பன்முகத்தன்மைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போக வேண்டும்: பயிற்சிக்கா, நேர்காணலுக்கா, சம்பளத் தணிக்கைக்கா?

நூற்றைம்பது பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பொறியாளர்களில் ஏழு பேருக்கு ஒருவர் பெண். மேனேஜர் நிலையைத் தாண்டினால் ஒருவரோ இருவரோதான். மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டால் ஹெச்.ஆரிடம் பதில் இல்லை. இதைச் சரிசெய்ய நிர்வாகம் ஓராண்டுக்குக் கொஞ்சம் பணமும், பணத்தைவிட அரிதான ஆட்களின் நேரமும் ஒதுக்கியிருக்கிறது. மேசைக்கு வரும் யோசனைகள் எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எல்லோருக்கும் பயிற்சி வகுப்பு, ரெஸ்யூமேயில் பெயரை மறைப்பது, நேர்காணலை மாற்றியமைப்பது, சம்பளத்தையும் பதவி உயர்வையும் தணிக்கை செய்வது, வழிகாட்டித் திட்டமும் பணியாளர் குழுக்களும், நெகிழ்வான வேலை நேரம். ஆறையும் ஒரே ஆண்டில் இழுத்துப் போட்டுக்கொண்டால் ஆறும் அரைகுறையாகும்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆட்களின் மனத்தைத் திருத்தப் போவதைவிட, யாரை எடுப்பது, யாருக்கு எந்த வேலை, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவாகும் இடத்தைத் திருத்துவது மலிவு, பலனும் கூடுதல். ஆனால் அந்த இடங்களில் உங்கள் நிறுவனத்தில் எது ஓட்டை என்று தெரியாமல் எந்த யோசனையையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் ஒப்பீட்டுக்கு முன் ஒரு கணக்கு.

ஓட்டை எங்கே என்று பார்க்கும் கணக்கு

ஆள் எடுப்பதில் ஐந்து படிகள்: விண்ணப்பம், முதல் சலிப்பு, தொழில்நுட்ப நேர்காணல், ஆஃபர், சேர்தல். உள்ளே வந்தபின் மூன்று: இரண்டு ஆண்டு தாண்டுதல், முதல் பதவி உயர்வு, வெளியேறுதல். எட்டு இடத்திலும் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் அடுத்த படிக்குப் போனார்கள் என்று எழுத வேண்டும். ஒரு விரிதாள் போதும். மென்பொருள் வாங்க வேண்டாம்.

உதாரணமாக, 200 ஆண்கள் விண்ணப்பித்து 40 பேர் நேர்காணலுக்கு வந்தால் 20%. 80 பெண்கள் விண்ணப்பித்து 10 பேர் வந்தால் 12.5%. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.625. அமெரிக்காவின் வேலைவாய்ப்பு வழிகாட்டு விதிகளில் 1978 முதல் ஐந்தில் நான்கு பங்கு என்றொரு அளவுகோல் இருக்கிறது. இந்த விகிதம் 0.8க்குக் கீழே போனால் அந்தப் படியை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் கணக்குப் போட இந்த அளவுகோல் எங்கும் உதவும்.

இதில் ஒரு பொறி உண்டு. மேலே சொன்ன 10 பேர் 13 ஆகியிருந்தால் விகிதம் 0.81 ஆகி, பிரச்சினையே இல்லாதது போலத் தெரியும். வித்தியாசம் மூன்றே பேர். சிறிய நிறுவனங்கள் ஒரு காலாண்டின் எண்ணைப் பார்த்துப் பதறவும் கூடாது, மகிழவும் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகளின் எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் எண்ணை அறிக்கையில் தனியாகப் போடாதீர்கள். அது யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உடல்நிலை, பாலியல் நாட்டம் போன்றவற்றை விருப்பமிருந்தால் மட்டும் சொல்லும்படி விட்டு, அந்தத் தகவலை மேனேஜர் கைக்கு எட்டாத தனிக் கோப்பில் வையுங்கள். இதைச் செய்யாத இடங்களில் பாதிப்பேர் பதில் சொல்ல மாட்டார்கள். மீதிப்பேர் பொய் சொல்வார்கள்.

இந்தக் கணக்கை முடிக்க ஒருவருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பல நிறுவனங்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்று நம்பிக் கல்லூரி வாசலில் கூடாரம் போடுவார்கள். கணக்கைப் பார்த்தால் சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் மூன்றாம் ஆண்டில் கிளம்பியிருப்பார்கள்.

பயிற்சி வகுப்பு

முதலில் மேசைக்கு வருவது இதுதான், ஏனென்றால் வாங்குவது எளிது. 150 பேர், இரண்டு மணி நேரம், 300 ஆள்-மணி. மாத முடிவில் '100% நிறைவு' என்று அறிக்கை. யாருடைய அதிகாரமும் குறையாது. எந்த முடிவும் மாறாது.

ஆய்வுகள் இதற்குச் சாதகமாக இல்லை. அலெக்ஸாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 708 அமெரிக்க நிறுவனங்களின் 1971 முதல் 2002 வரையான தரவை அலசி 2006இல் வெளியிட்டார்கள். மேலாண்மைப் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் கூடியிருக்கிறார்களா என்று பார்த்தபோது, பயிற்சி வகுப்பும் அதைப் போன்ற மனமாற்ற முயற்சிகளும் மிகக் குறைந்த பலன் தந்தவை. வழிகாட்டித் திட்டங்கள் ஓரளவு. இன்னார் இதற்குப் பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்துக் கணக்குக் கேட்ட நிறுவனங்களில்தான் எண்கள் நன்றாக நகர்ந்தன. அப்படிப் பொறுப்பாளர் இருந்த இடங்களில் மற்றத் திட்டங்களும் கூடுதலாகப் பலித்தன. 2019இல் வெளியான இன்னொரு சோதனை, உலகளாவிய ஒரு நிறுவனத்தின் சுமார் 3,000 ஊழியர்களுக்கு ஒரு மணி நேர இணையவழிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. சிலரின் கருத்து கொஞ்சம் மாறியது. நடத்தை பெரும்பாலும் மாறவில்லை.

இன்னும் சங்கடமான ஒன்று உண்டு. எமிலியோ காஸ்டியாவும் ஸ்டீபன் பெனார்டும் 2010இல் வெளியிட்ட சோதனைகளில், 'எங்கள் நிறுவனம் திறமைக்கு மட்டுமே மதிப்பளிக்கிறது' என்று அழுத்திச் சொல்லப்பட்டவர்கள், ஒரே தரத்தில் வேலை செய்த பெண்ணைவிட ஆணுக்குக் கூடுதல் போனஸ் கொடுத்தார்கள். நாம் நியாயமானவர்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், நம்மை நாமே சரிபார்ப்பது குறைந்துவிடும் என்பது அவர்கள் தரும் விளக்கம். சுவரில் தொங்கும் வாசகங்களை இனி கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

பயிற்சியை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நேர்காணல் எடுப்பவர்களுக்கு மதிப்பெண் போடப் பழக்குவது, மேனேஜர்களுக்கு அப்ரைசல் எழுதப் பழக்குவது, புகார் வந்தால் முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பது ஆகியவை வேறு ரகம். ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கும் பயிற்சி பயன் தரும். 'ஆழ்மனச் சாய்வு', அதாவது நாம் அறியாமலே காட்டும் பாகுபாடு பற்றிய பொது வகுப்பு, தனியாக நின்றால், கண்துடைப்புதான்.

பெயரை மறைத்த ரெஸ்யூமே

இதன் பின்னணி வலுவானது. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். 2004இல் வெளியான முடிவு: வெள்ளையர் பெயர் போலத் தோன்றும் ரெஸ்யூமேக்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றுபவற்றைவிட 50% கூடுதல் அழைப்பு. அப்படியானால் பெயரை மறைத்தால் தீர்ந்ததே என்று தோன்றும்.

பிரான்ஸில் அரசே இதைச் சோதித்துப் பார்த்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வில் நேர்மாறாக நடந்தது. பெயரையும் முகவரியையும் மறைத்தபின், புலம்பெயர்ந்தோர் குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு நேர்காணல் வாய்ப்பு குறைந்தது. காரணங்களில் இரண்டு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் பொருந்தும். முதலாவது, சோதனையில் விரும்பிக் கலந்துகொண்டவை ஏற்கெனவே திறந்த மனம் கொண்ட நிறுவனங்கள். இரண்டாவது, பெயர் தெரிந்தபோது, 'இந்தச் சூழ்நிலையிலிருந்து வந்தவருக்கு வேலையில் இடைவெளி இருப்பது இயல்பு' என்று சலித்தவர்கள் பொறுத்துப் போயிருக்கக்கூடும். பெயர் மறைந்ததும் இடைவெளி வெறும் குறையாகத் தெரிந்தது.

ஆகவே முதல் சலிப்பில்தான் ஓட்டை என்று உங்கள் கணக்கு காட்டினால் மட்டும் மறையுங்கள். மறைப்பதென்றால் முழுதாக: பெயர், படம், பிறந்த ஆண்டு, முகவரி, பட்டம் பெற்ற ஆண்டு, கல்லூரிப் பெயர், மின்னஞ்சல் முகவரி, கிட்ஹப் (நிரல்களைப் பகிரும் தளம்) இணைப்பு. கடைசி இரண்டைத்தான் பலரும் மறந்துபோவார்கள். பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, முகப்படத்தோடு இருக்கும் சுயவிவரப் பக்கத்துக்கு இணைப்பை விட்டுவைப்பார்கள்.

சலிப்பை இயந்திரத்திடம் கொடுத்தால் சாய்வு போய்விடும் என்ற எண்ணத்துக்கு அமேசானின் அனுபவம் போதிய பதில். 2014இல் தொடங்கிய அவர்களின் ரெஸ்யூமே மதிப்பிடும் கருவி, பத்தாண்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவை பெரும்பாலும் ஆண்களுடையவை. பெண்களைக் குறிக்கும் சொல் வந்த ரெஸ்யூமேக்களின் மதிப்பெண்ணைக் கருவி குறைக்கத் தொடங்கியது. அதைக் கைவிட்ட செய்தியை ராய்ட்டர்ஸ் 2018இல் வெளியிட்டது. வெளியிலிருந்து இப்படியொரு கருவி வாங்குவதானால், நாம் மேலே போட்ட 0.8 கணக்கை அதன் மீதும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

நேர்காணலைக் கட்டமைப்பது

ஆள் எடுப்பதில் ஓட்டை என்றால் எங்கள் முதல் தேர்வு இது. இதற்கு ஒரு வசதி: பன்முகத்தன்மையில் ஆர்வமே இல்லாத மேனேஜரும் ஏற்றுக்கொள்ளும் காரணம் இருக்கிறது. நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளைத் தொகுத்து அளந்திருக்கிறார்கள். உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினரின் 2022 கணக்கில் (1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் தொடர்பே இல்லை), ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று கட்டமைத்த நேர்காணலுக்கு 0.42, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19. அவர்கள் ஒப்பிட்ட முறைகளில் கட்டமைத்த நேர்காணல்தான் முதலிடம்.

செய்முறை இப்படி. அந்த வேலைக்குத் தேவையான நான்கைந்து திறன்களை எழுதுங்கள். ஆறுக்கு மேல் போனால் யாரும் ஒழுங்காக மதிப்பெண் போட மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வரி விளக்கம். ஐந்து வேண்டாம், நடு எண் இருந்தால் எல்லோரும் மூன்றில் போய்ப் பதுங்குவார்கள். 'பிழை கண்டுபிடித்தல்' என்ற திறனுக்கு 1 என்றால் ஊகித்து ஊகித்து நிரலை மாற்றுகிறார்; 2 என்றால் பிழைச்செய்தியைப் படிக்கிறார், ஆனால் மீண்டும் நிகழ்த்திப் பார்க்கவில்லை; 3 என்றால் மீண்டும் நிகழ்த்தி, காரணத்தைப் படிப்படியாகச் சுருக்குகிறார்; 4 என்றால் அதையும் செய்து, இதே பிழை வேறெங்கே வரக்கூடும் என்றும் சொல்கிறார். இவ்வளவு திட்டவட்டமாக எழுதாமல் 'நன்று, மிக நன்று' என்று விட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

நேர்காணல் முடிந்து அரை மணி நேரத்துக்குள், மற்றவர்களோடு பேசுவதற்கு முன், ஒவ்வொருவரும் தன் மதிப்பெண்ணைப் பதிந்து பூட்டிவிட வேண்டும். கூட்டத்தில் இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். கட்டமைத்த நேர்காணல் தோற்றுப்போகும் இடங்களில் பெரும்பாலும் உடைவது இந்த இரண்டு விதிகள்தாம். முடிவை வாசலிலேயே எடுத்துவிட்டு, அதற்கேற்ப எண்களை நிரப்புவார்கள். எல்லாத் திறனுக்கும் ஒரே மதிப்பெண் விழுந்த தாள்களை எண்ணிப் பாருங்கள். அவை அதிகமானால் நடப்பது இதுதான்.

'நம்ம டீமுக்கு ஒத்துவருவாரா' என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் உண்மையான தேவை இருந்தால், அதாவது முரண்பாட்டைப் பேசித் தீர்ப்பது, தவறை ஒப்புக்கொள்வது போன்றவை என்றால், அதையே திறனாக எழுதி மதிப்பெண் போடுங்கள். இல்லையென்றால் அது 'என்னைப் போலவே இருக்கிறாரா' என்பதன் மரியாதையான வடிவம்.

வெள்ளைப்பலகை முன் நிறுத்தி நிரல் எழுதச் சொல்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்கள். பாதிப்பேர் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, சத்தமாக யோசித்தபடி எழுதினார்கள். மீதிப்பேர் அதே கணக்கைத் தனி அறையில் எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. பார்க்கப்பட்ட பெண்கள் ஒருவரும் தேறவில்லை. தனியறைப் பெண்கள் எல்லோரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது, அதைப் பெரிய சட்டமாக்க வேண்டாம். ஆனாலும் அந்த நேர்காணல் அளந்தது பதற்றத்தை, நிரல் எழுதும் திறனை அன்று என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. மாற்று எளிது: கணக்கைக் கொடுத்துவிட்டு 30 நிமிடம் தனியாக விடுங்கள், பிறகு எழுதியதைப் பற்றிப் பேசுங்கள்.

வீட்டுக்கு வேலை கொடுத்து அனுப்புவதும் மாற்றுத்தான், ஆனால் நேரம் கட்டுப்பட வேண்டும். எட்டு மணி நேர வேலை கொடுத்தால், குழந்தையோ முதியவரோ வீட்டில் இருப்பவர் தாமாகவே விலகிவிடுவார். அதிகபட்சம் மூன்று மணி நேரம். அதை உங்கள் ஊழியர் ஒருவரைக் கொண்டு செய்து பார்த்து நேரத்தை உறுதிசெய்யுங்கள். ஊழியருக்கு இரண்டு மணி நேரமானால் வெளியாளுக்கு மூன்று ஆகும்.

அழைப்புக் கடிதத்தில் எல்லோருக்கும் ஒரே வரி: 'நேர்காணலுக்கு ஏதாவது வசதி தேவையா: கூடுதல் நேரம், சைகைமொழி பெயர்ப்பாளர், ஸ்கிரீன் ரீடருடன் இயங்கும் எடிட்டர், கேள்விகள் எழுத்தில்?' குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் கேட்பதைவிட இது மேல். உங்கள் நேர்காணல் தளம், திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடருடன் இயங்குகிறதா, மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் ஓட்ட முடிகிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி 2013இலும் மைக்ரோசாஃப்ட் 2015இலும் தனித் திட்டங்கள் தொடங்கியபோது மாற்றியதும் நேர்காணலைத்தான். கண்ணைப் பார்த்துப் பேசுவதற்கு மதிப்பெண் தருவதை விட்டு, வேலையைச் செய்து காட்ட விட்டார்கள்.

இறுதிப் பட்டியலில் இவ்வளவு பேர் இருக்க வேண்டும் என்ற விதி ஒரு துணை யோசனை. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் ரூனி விதி, 2003இலிருந்து, தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்கண்டாக வேண்டும் என்றது. 'ஒருவர்' என்பதுதான் அதன் பலவீனமாக இருந்தது. சடங்குக்கு ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்த 598 பேரை ஆராய்ந்தவர்கள், பட்டியலில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றும், இருவர் ஆனால் நிலைமை தலைகீழாக மாறியது என்றும் 2016இல் எழுதினார்கள். இது காரணத்தை நிரூபிக்கும் சோதனை இல்லை. இருவரைக் கொண்டுவரும் துறைகள் முதலிலேயே வேறு மாதிரி இருந்திருக்கலாம். இருந்தாலும் விதி வைப்பதானால் இரண்டு என்று வையுங்கள்.

நேரச் செலவு: ஒரு பதவிக்குக் கேள்வித்தாள் தயாரிக்க மூன்று பேர், இரண்டு வாரம், பகுதி நேரம். பிறகு நேர்காணல் எடுப்பவர்களுக்கு இரண்டு மணி நேரப் பழக்கம். ஒரே பதிவுசெய்த நேர்காணலை எல்லோரும் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவதுதான் அந்தப் பழக்கம். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வரும் கேள்வியின் விளக்கத்தைத் திருத்துங்கள். ஊழியர்களின் பரிந்துரையில் (ரெஃபரல்) வருபவர்களும் இதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். பின்வாசல் ஒன்று திறந்திருந்தால் முன்வாசலுக்குப் போட்ட உழைப்பு வீண்.

சம்பளம், பதவி உயர்வு, வேலைப் பங்கீடு

உள்ளே வந்தவர்கள் நிற்கவில்லை என்று கணக்கு காட்டினால், நேர்காணலைத் தொடாமல் இங்கே வாருங்கள். ஓட்டைப் பானையில் வேகமாகத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

சம்பளத் தணிக்கையின் முதல் வடிவம் எளிது. ஒரே நிலை, ஒரே வகை வேலை, ஒரே இடம் என்று ஆட்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் நடுச் சம்பளத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தை, ஒப்பிடுங்கள். நூறு பேருக்கு மேல் இருந்தால் புள்ளியியல் தெரிந்தவரைக் கொண்டு அனுபவம், நிலை ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்கலாம். அதற்குக் கீழே என்றால் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு எழுத்தில் காரணம் கேட்பதே மேல். ஒரு எச்சரிக்கை: 'நிலை' என்பதைக் கழித்துவிட்டால் ஓட்டையே மறைந்துவிடக்கூடும். ஐந்தாண்டு அனுபவம் உள்ள ஆண் மூன்றாம் நிலையிலும், அதே அனுபவம் உள்ள பெண் இரண்டாம் நிலையிலும் சேர்க்கப்பட்டிருந்தால், நிலைக்குள் ஒப்பிடும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆகவே சேர்ந்தபோது கொடுத்த நிலையைத் தனியாகப் பாருங்கள்.

பணத்தைக் கொடுத்து வித்தியாசத்தை அடைப்பது பாதி வேலை. மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் 2015இல் தணிக்கை செய்து ஏறக்குறைய 30 லட்சம் டாலர் செலவிட்டுச் சம்பளங்களைச் சரிசெய்தது. பின்னர் மீண்டும் அதே அளவு செலவிட வேண்டி வந்தது. அது புதிதாக வாங்கிச் சேர்த்த நிறுவனங்கள் தங்கள் பழைய வித்தியாசங்களையும் கூடவே கொண்டுவந்தன. வித்தியாசம் ஊறும் இடங்கள் மூன்று: பழைய சம்பளத்தைக் கேட்டு அதன் மேல் ஆஃபர் போடுவது, பேரம் பேசுபவருக்குக் கூட்டித் தருவது, மேனேஜர் விருப்பத்துக்கு விட்ட போனஸ். முதலிரண்டுக்கும் பதவிக்குச் சம்பள வரம்பை முன்கூட்டியே அறிவிப்பது மருந்து. மூன்றாவதற்கு மருந்து மேற்பார்வை. காஸ்டியா 2015இல் எழுதிய ஆய்வில் ஒரு பெரிய நிறுவனம், ஊதிய முடிவுகளைக் கண்காணிக்கும் குழுவை அமைத்து, மேனேஜர்களின் முடிவுகள் மேலதிகாரிகளுக்குத் தெரியும்படி செய்ததும் பாலின, இன வித்தியாசங்கள் குறைந்தன. அங்கே யாருக்கும் மனமாற்ற வகுப்பு எடுத்ததால் வந்த பலன் இல்லை இது. பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதே மாற்றியது.

அப்ரைசல் எழுத்தையும் எடுத்துப் படியுங்கள். கீரன் ஸ்னைடர் 2014இல் 28 நிறுவனங்களின் 248 அப்ரைசல்களை ஒப்பிட்டபோது, குறை சொல்லும் வரிகள் இருந்தவை ஆண்களின் அப்ரைசல்களில் சுமார் 59%, பெண்களின் அப்ரைசல்களில் சுமார் 88%. 'கடுமையாகப் பேசுகிறார்' போன்ற குணம் பற்றிய விமர்சனம் ஏறக்குறைய பெண்களுக்கே வந்தது. தீர்வு ஒரு வரி விதி: குணத்தைச் சொல்லும் எந்த வாக்கியமும் ஒரு சம்பவமும் அதன் விளைவும் இல்லாமல் ஏற்கப்படாது.

யாருக்கு எந்த வேலை போகிறது என்பதுதான் எங்கள் கணிப்பில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் ஓட்டை. கூட்டக் குறிப்பு எழுதுவது, புதியவருக்குச் சுற்றிக்காட்டுவது, விழா ஏற்பாடு, ஆவணங்களைச் சரிபார்ப்பது என்று யாராவது செய்தாக வேண்டிய, பதவி உயர்வுக்கு உதவாத வேலைகள் எல்லா டீமிலும் உண்டு. லிண்டா பாப்காக் குழுவினர் 2017இல் வெளியிட்ட சோதனைகளில் ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில், இப்படிப்பட்ட வேலைக்கு முன்வந்தவர்களில் பெண்கள் 48% கூடுதல். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் அந்த வித்தியாசம் இல்லை. பெண்களுக்கு இயல்பிலேயே இந்த வேலைகள் பிடிக்கும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. அவர்கள் செய்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரியும்.

எட்டு வாரத்துக்கு ஒரு பதிவேடு வையுங்கள்: வேலை, யார் செய்தார், எத்தனை மணி. பிறகு சுழற்சி முறை. 'யார் செய்கிறீர்கள்?' என்று கேட்பதை நிறுத்துவதே பாதித் தீர்வு. அதே பதிவேட்டில் யாருக்குப் புதிய கட்டுமான வேலை, யாருக்குப் பழைய நிரலின் பராமரிப்பு என்பதையும் எழுதுங்கள். பதவி உயர்வுக் குழு கேட்பது 'என்ன கட்டினீர்கள்' என்றுதான். கட்டும் வேலையே கிடைக்காதவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவிலும் இது நுழைகிறது. கூகுளின் சொந்தப் பொறியாளர்களைப் பற்றி அந்நிறுவன ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டதில், ரிவ்யூவில் தேவைக்கு மீறிய எதிர்ப்பைச் சந்திக்கும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 21% கூடுதல். வயதில் மூத்தவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. எழுதியவர் பெயரை மறைத்தும் பார்த்தார்கள். ரிவ்யூ செய்பவர்கள் பெரும்பாலும் ஆளை ஊகித்துவிட்டார்கள். சிறிய டீமில் இது இன்னும் எளிது. மறைப்பதைவிட, இரண்டு வேலை நாளுக்குள் பதில், ஒவ்வொரு கருத்துக்கும் 'கட்டாயம்' அல்லது 'விருப்பம்' என்ற முத்திரை, மூன்று சுற்றுக்கு மேல் போனால் நேரில் பேசுவது என்ற விதிகள் நடைமுறைக்கு ஏற்றவை.

பதவி உயர்வுக்குத் தாமாக விண்ணப்பிக்கச் சொல்லாமல், குறிப்பிட்ட காலம் முடித்த எல்லோரையும் பட்டியலில் வைத்து, 'இவர் ஏன் இல்லை' என்று மேனேஜரை எழுதச் சொல்லுங்கள்.

வழிகாட்டிகளும் குழுக்களும்

இதற்கு அதிக இடம் தேவையில்லை. இளையவருக்கு ஆலோசனை சொல்பவர் ஒருவர், அந்த இளையவர் இல்லாத அறையில் அவர் பெயரை எடுத்துப் பேசுபவர் இன்னொருவர். பதவி உயர்வில் உதவுவது இரண்டாமவர். ஆகவே திட்டம் வைப்பதானால், மூத்தவர் ஒருவர் ஆண்டில் ஒரு முறையாவது அந்த இளையவருக்கு ஒரு முக்கியமான வேலையை வாங்கித் தர வேண்டும் என்று எழுதிவையுங்கள். மாதம் ஒரு காபியோடு நின்றால் அது நட்பு, திட்டம் ஆகாது. பணியாளர் குழுக்களை நடத்துபவர்களின் நேரத்தை அப்ரைசலில் கணக்கில் எடுக்காவிட்டால், மேலே சொன்ன பதவி உயர்வுக்கு உதவாத வேலையில் இன்னும் ஒன்றைச் சேர்த்தீர்கள், அவ்வளவே.

நெகிழ்வான நேரமும் திரும்பி வருபவர்களும்

ஸ்டெஃபனி ஷெர்லி 1962இல் பிரிட்டனில் தொடங்கிய ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் நிறுவனத்தின் முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். வீட்டிலிருந்தே நிரல் எழுதினார்கள். காங்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் அவர்கள் எழுதியது. வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் வர வேண்டும் என்பதற்காக அவர் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். வேலையை ஆட்களின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைத்தால் திறமையானவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டாம்.

இன்று கெடுவது வேறு இடத்தில். கொள்கை இருக்கும், அதைப் பயன்படுத்துபவருக்குத் தண்டனையும் இருக்கும். அலுவலகத்தில் கண்ணில் படுபவருக்கே நல்ல வேலை போகும். நான்கு மணி நேரம் மட்டும் எல்லோரும் இருக்க வேண்டிய பொது நேரம் என்று வையுங்கள். கூட்டங்கள் அதற்குள் மட்டும். ஒருவர் தொலைவில் இருந்தால் எல்லோரும் தத்தம் திரையிலிருந்தே கலந்துகொள்ளட்டும். நேரடி எழுத்துரை எப்போதும் ஓடட்டும். காது கேளாதவருக்கு மட்டுமல்ல, பேசப்படும் மொழி இரண்டாம் மொழியாக இருப்பவருக்கும் அது உதவும். பகுதி நேர ஊழியருக்கு ஆன்-கால் முறையும், அதாவது வேலை நேரத்துக்கு வெளியே அழைத்தால் வர வேண்டிய பொறுப்பும், பகுதியாக வேண்டும். சம்பளம் பாதி, இரவு அழைப்பு முழுசு என்று பல இடங்களில் நடக்கிறது.

இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கு 12 முதல் 16 வாரம், சம்பளத்தோடு, உண்மையான டீமில், உண்மையான வேலை. முடிவில் எந்த நிலையில் நிரந்தரம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பத்தாண்டு அனுபவம் உள்ளவரைப் புதியவர் நிலையில் வைப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. அவர் ஓராண்டில் வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

யாருக்கு எது

முப்பது பேருக்குக் கீழே உள்ள நிறுவனத்துக்குத் தணிக்கை என்ற பெரிய வார்த்தை வேண்டாம். சம்பள வரம்பை அறிவியுங்கள், நேர்காணலைக் கட்டமையுங்கள். இரண்டும் ஒரு மாத வேலை. ஆள் குறைவாக இருக்கும்போது செய்தால் பிறகு சரிசெய்யும் செலவு இல்லை.

நூறு முதல் ஐந்நூறு பேர் என்றால் கணக்கு சொல்கிறபடி. நுழைவில் ஓட்டை என்றால் முதல் அரையாண்டு நேர்காணல், இரண்டாம் அரையாண்டு சம்பளம். மூன்றாம் ஆண்டில் ஆட்கள் கிளம்புகிறார்கள் என்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு இடத்திலும் ஓட்டை என்றால் உள்ளே இருப்பதை முதலில் அடையுங்கள். வெளியேறுபவர் பழைய சகாக்களிடம் பேசுவார். அந்தப் பேச்சு உங்கள் விளம்பரத்தைவிட வேகமாகப் பரவும்.

ஆயிரத்துக்கு மேல் என்றால் முதல் செலவு ஒரு பொறுப்பாளர். அவர் ஹெச்.ஆரின் மூலையில் உட்காராமல் பொறியியல் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக, சம்பளத் தரவைப் பார்க்கும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாமல் நியமித்தால் அவர் கையில் மிஞ்சுவது பயிற்சி வகுப்பும் விழா ஏற்பாடும்தான். ஒதுக்கீடு, எண் இலக்கு என்று போகும் முன் அந்த நாட்டுச் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள். ஒரு நாட்டில் கட்டாயமாக இருப்பது இன்னொரு நாட்டில் வழக்கில் முடியலாம். செயல்முறையை எல்லோருக்கும் ஒன்றாக மாற்றும் கட்டமைத்த நேர்காணல், சம்பள வரம்பு, சுழற்சி முறை ஆகியவற்றுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை என்பதும் அவற்றை முதலில் வைக்க ஒரு காரணம்.

எதை எடுத்தாலும், இரண்டு காலாண்டு முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது முடிவு எண்ணை அன்று, விதி நடக்கிறதா என்பதை. மதிப்பெண்கள் கூட்டத்துக்கு முன் பூட்டப்பட்டனவா, ஆஃபர்கள் வரம்புக்குள் இருந்தனவா, குறிப்பு எழுதும் சுழற்சி யாரிடம் போய் நின்றது? பத்தில் எட்டு முறையாவது விதி நடந்து, எண் நகரவில்லை என்றால் யோசனை தவறு, அடுத்ததுக்குப் போங்கள். நான்கு முறைதான் நடந்தது என்றால் யோசனையை இன்னும் சோதிக்கவே இல்லை.